பள்ளித் தலைமையும் பணி–வாழ்வுச் சமநிலையும்: தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

தலைமையாசிரியர் என்ற சொல்லுக்குள் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று தலைமை தாங்குவது. மற்றொன்று பாடம் நடத்துவது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, அவற்றில் கடைசிப் பதினோர் ஆண்டுகளைத் தலைமையாசிரியராகக் கழித்தவள் என்ற முறையில், அந்தச் சொல்லில் இடம்பெறாத மூன்றாவது வேலை ஒன்றும் பதவிக்குள் இருப்பதை நான் அறிவேன். அது எழுத்தர் வேலை. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அலுவலகப் பணிக்கென இளநிலை உதவியாளர் பணியிடம் உண்டு. தொடக்கப் பள்ளியில் அப்படி எவரும் இல்லை. தமிழ்நாட்டின் ஏறத்தாழ 37,500 அரசுப் பள்ளிகளில் பெரும்பகுதி தொடக்கப் பள்ளிகளே. ஆகவே பள்ளித் தலைமை என்று நாம் பேசும்போதெல்லாம், ஒரே ஆள் இம்மூன்று வேலைகளையும் சுமக்கும் நிலையைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறோம்.

அண்மைக் காலமாக ஆசிரியர் கூட்டங்களிலும் பயிற்சிகளிலும் ‘தலைமைப் பண்பு’, ‘பணி–வாழ்வுச் சமநிலை’ ஆகிய இரு தொடர்களும் அடிக்கடி காதில் விழுகின்றன. முன்னதற்கு அரை நாள், பின்னதற்கு அரை நாள் எனத் தனித்தனியே வகுப்பெடுக்கிறார்கள். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் அனுபவம். புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களையும், பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்திருக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

முதலில், நிர்வாகம் வேறு, தலைமை வேறு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பதிவேடுகளைச் சரியாக வைத்திருப்பது, விலையில்லாப் பாடநூல்களையும் சீருடைகளையும் கணக்குப் பார்த்து வழங்குவது, கேட்ட விவரத்தைக் கேட்ட நேரத்தில் அனுப்புவது ஆகியவை நிர்வாகம். இவை சரியாக நடக்காவிட்டால் பள்ளி நடக்காது. ஆகவே இவற்றை இழிவாகப் பேசுவது தவறு. ஆனால் இவை அத்தனையும் குறைவின்றி நடக்கும் ஒரு பள்ளியில் பிள்ளைகள் படிக்கக் கற்காமலே ஐந்தாம் வகுப்பை முடித்துவிடவும் கூடும். பிள்ளைகள் உண்மையிலேயே கற்கிறார்களா என்று பார்ப்பதும், கற்காதபோது ஏன் என்று கண்டறிவதும், அதை மாற்றுவதற்கு உடன் பணிபுரியும் ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்வதும்தான் தலைமை.

ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் இது விளங்கும். ஒரு நாள் மூன்றாம் வகுப்பின் பின்வரிசையில் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியை ஒரு வரியைப் படிக்க, வகுப்பு முழுவதும் சேர்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தது. கேட்பதற்கு நிறைவாகத்தான் இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறுமியின் உதடுகள் மட்டும் மற்றவர்களின் குரலுக்கு ஒரு கணம் பின்னால் அசைந்துகொண்டிருந்தன. அவளுடைய விரல் புத்தகத்தில் வேறொரு வரியின் மேல் இருந்தது. அவள் படிக்கவில்லை, கேட்டதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாலையில் ஆசிரியையிடம் பேசினேன். அடுத்த நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக அழைத்துப் படிக்கச் சொன்னபோது, அதே நிலையில் மேலும் ஆறு பிள்ளைகள் இருப்பது தெரிந்தது. கூட்டு வாசிப்பைக் குறைத்து, சிறு குழுக்களாகப் பிரித்து, என் வகுப்பை அரைமணி நேரம் அவரும் அவருடைய ஏழு பிள்ளைகளை நானும் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். இவ்வளவும் தொடங்கியது ஒரு நாற்பது நிமிடக் கவனிப்பிலிருந்து. அந்த நாற்பது நிமிடம் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், அன்று ஊரில் கைபேசிக் கோபுரம் பழுதாகி இணையம் இல்லாமல் போயிருந்ததுதான்.

ஆய்வுலகமும் இதைத்தான் சொல்கிறது. கனடாவைச் சேர்ந்த கென்னத் லீத்வுட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட மீளாய்வில், பள்ளிக்குள் இருக்கும் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளின் கற்றலைப் பாதிப்பது பள்ளித் தலைமையே என்றனர். பின்னர் 2020இல் லீத்வுட் உள்ளிட்டோர் இந்த முடிவைச் சற்றுத் தணித்து, தலைமையின் தாக்கம் நடுத்தர அளவினதே, ஆயினும் இன்றியமையாதது என்று எழுதினர். அந்தத் தாக்கம் நேரடியாக நிகழ்வதில்லை. ஆசிரியர்கள் வழியாகவே பிள்ளைகளைச் சென்றடைகிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைவர்கள் செய்யும் செயல்களிலேயே மிகுந்த பயன் தருவது, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவிப்பதோடு நில்லாமல் தாமும் அதில் உடன் பங்கேற்பது என்று கண்டனர். மேலே சொன்ன மூன்றாம் வகுப்பு நிகழ்ச்சியில் நானும் ஆசிரியையும் அதைத்தான் எங்கள் அளவில் செய்தோம். இதற்கு ‘கற்றல் தலைமை’ என்று பெயர். தலைமையாசிரியரின் நாளில் முதலில் பறிபோவதும் இதுதான். ஏனென்றால் வகுப்பைக் கவனிக்கவில்லை என்று எந்த அலுவலகத்திலிருந்தும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வராது. விவரம் அனுப்பவில்லை என்றால் வரும்.

இனி, பணி–வாழ்வுச் சமநிலைக்கு வருவோம். வேலைக்கு எட்டு மணி நேரம், வீட்டுக்கு எட்டு மணி நேரம் என்று தராசில் நிறுப்பதுபோலப் பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். நேரக் கணக்கு முக்கியம்தான். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 35 சதவீதம் கூடுதல் என்று மதிப்பிட்டது. ஆனால் இந்தக் கருத்தின் சாரம், வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான எல்லைக்கோட்டை யார் வரைகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகளோடு இரவு எட்டு மணி வரை பள்ளியில் இருந்த நாள்களில் நான் களைத்ததுண்டு; ஆனால் அந்தக் களைப்பு என்னை அரித்ததில்லை, அந்த நேரத்தை நானே விரும்பிக் கொடுத்தேன். இரவு ஒன்பது மணிக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் குழுவில் ‘நாளை காலை 9 மணிக்குள் தவறாமல்’ என்று ஒரு படிவம் வந்து விழும். அதற்குத் தேவைப்படுவது பத்து நிமிடமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடம் இரவு முழுவதையும் எடுத்துக்கொண்டுவிடும்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குழந்தைகளுக்கான கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஓர் ஆசிரியரின் பணிநேரத்தை வாரத்துக்கு 45 மணி என்று வகுக்கிறது. பாடத்துக்கு ஆயத்தம் செய்யும் நேரமும் அதற்குள்ளேயே அடக்கம் என்றும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதுவதும், குறிப்பேடு திருத்துவதும், துணைக்கருவி செய்வதும் சட்டத்தின் பார்வையில் வேலைதான். நடைமுறையிலோ, பள்ளியில் இருக்கும் நேரம் மட்டும் வேலையாகவும் மற்றவை ஆசிரியரின் கடமையுணர்வாகவும் எண்ணப்படுகின்றன.

பணிச்சுமையை ஆராய்ந்தவர்கள் 2001இல் முன்வைத்த ஒரு விளக்கம் தொடக்க நிலையினருக்கு மிகவும் உதவும். எந்த வேலையிலும் ஒருபுறம் அது நம்மிடம் கேட்பவை இருக்கின்றன. மறுபுறம் அது நமக்குத் தருபவை இருக்கின்றன. நேரம், கவனம், உடலுழைப்பு, பொறுமை ஆகியவை கேட்பவை. உதவிக்கு ஆள், தேவையான பொருள், முடிவெடுக்கும் உரிமை, செய்த வேலைக்கு மதிப்பு ஆகியவை தருபவை. கேட்பது கூடும்போது தருவதும் கூடினால் மனிதர்கள் கடும் உழைப்பையும் தாங்கிக்கொள்வார்கள்; கேட்பது மட்டும் கூடிக்கொண்டே போனால் உடைந்துபோவார்கள். அந்த உடைவுக்குப் பணிச்சோர்வு என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தன் நோய் வகைப்பாட்டில் குறித்தபோது, இது நோயன்று, சரியாகக் கையாளப்படாத பணியிட நெருக்கடியின் விளைவு என்று தெளிவாகச் சொன்னது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிவிடுவது, தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம் குடிகொள்வது ஆகியவை இதன் அடையாளங்கள். இரண்டாவது அடையாளம்தான் பள்ளிகளில் மிக ஆபத்தானது. பிள்ளைகள் மேல் அக்கறையற்றவர் என்று ஊரார் பேசும் பல ஆசிரியர்கள், ஒரு காலத்தில் அளவுக்கு மீறி அக்கறை கொண்டிருந்தவர்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கைத் தலைமையாசிரியரின் நாளில் போட்டுப் பார்க்கலாம். காலை உணவை ருசி பார்த்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறச் செய்வதில் நாள் தொடங்குகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய அந்தக் காலை உணவுத் திட்டத்தைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் இல்லை. பசியோடு வந்த பிள்ளைகள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்ததைப் பார்த்தவள் நான். பிறகு பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு, மதிய உணவுக் கணக்கு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறைத் தூய்மை, பெண்கல்வி ஊக்கத்தொகைக்காகப் பிள்ளைகளுக்கு அஞ்சலகக் கணக்கு, ஆதாரில் எழுத்துப்பிழையைத் திருத்தக் கேட்டு நிற்கும் ஒரு தாய், மின்கட்டணம், சுற்றுச்சுவருக்கு வெளியே யாரோ கொட்டிய குப்பை என்று வரிசை நீள்கிறது. இத்தனைக்கும் நடுவே நான்காம், ஐந்தாம் வகுப்புகள் என்னுடையவை. எங்கள் பள்ளி ஈராசிரியர் பள்ளி. கூட்டத்துக்கோ கருவூலத்துக்கோ நான் போகும் நாளில், மற்றோர் ஆசிரியை ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் காவல் காப்பார். அன்று கற்பித்தல் என்பது பெயரளவில்தான்.

இது யாருடைய அலட்சியத்தாலும் நேர்வதன்று. அமைப்பே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அதே அட்டவணைப்படி, தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஆசிரியர்களுக்கு மேல் தனியாக ஒரு தலைமையாசிரியர் என்ற ஏற்பாடு 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் வருகிறது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு அந்த எல்லை 100. நாற்பது பிள்ளைகள் படிக்கும் கிராமப் பள்ளியில் தலைமை என்பது, முழுநேர ஆசிரியர் ஒருவரின் தோளில் கூடுதலாக ஏற்றிவைக்கப்பட்ட பொருள். அகில இந்திய அளவில் 2024–25ஆம் ஆண்டின் யூடைஸ் எனும் ஒன்றிய அரசின் பள்ளி விவரத் தொகுப்பின்படி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகளாகவே இருக்கின்றன. அங்கே தலைமைப் பண்பைப் பற்றி வகுப்பெடுப்பதற்கு முன், அந்த ஒருவர் காய்ச்சலில் படுத்தால் பள்ளியை யார் திறப்பார்கள் என்று கேட்க வேண்டும்.

கல்வி சாராப் பணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்வி சாராப் பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தப் பணியைப் பொறுத்தவரை, விடுமுறை நாள்களிலும் கற்பித்தல் இல்லாத நேரங்களிலும் மட்டுமே ஆசிரியர்களைப் பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் வகுப்பு நேரத்தைக் காத்த நல்ல தீர்ப்பு அது. ஆனால் அந்த நேரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று பாருங்கள்: ஆசிரியரின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக அலைந்தவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். வகுப்பறையைக் காத்தால் வீடு இழக்கிறது, வீட்டைக் காத்தால் வகுப்பறை இழக்கிறது என்ற இந்த நெருக்கடிக்கு மூன்றாவது வழி ஒன்றுதான்: வேலையைச் செய்ய வேறு ஆளை அமர்த்துவது.

வீடு என்று சொல்லும்போது, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் மிகப் பலர் பெண்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மாலையில் பள்ளி முடிந்த பிறகு வீட்டில் இன்னொரு பணிநேரம் தொடங்குகிறது. எமிஸ் பதிவுகள் வந்த முதல் ஆண்டுகளில் எனக்குக் கணினித் தட்டச்சு வேகமாக வரவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகள், இரவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் இரத்தப் பிரிவையும் பதிவேற்றினாள். ஒரு நாள் அவளுடைய அறிவியல் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் என் பள்ளியின் பதினோர் இலக்க எண் எழுதியிருந்ததைப் பார்த்தேன். மனப்பாடமாகிவிட்டது என்றாள். அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. ஒருவருடைய பணிச்சுமை அவரோடு நிற்பதில்லை, கணக்கில் வராமல் வீட்டிலுள்ள மற்றவர்களின் மேலும் இறங்குகிறது என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குச் சொன்னதில்லை.

அண்மைக்கால நிகழ்வுகள் இந்தச் சுமையைக் கூட்டியிருக்கின்றன. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், பல ஆண்டுகளுக்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களாயினும், இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுவோர் பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சியின்றிப் பதவி உயர்வு கிடையாது. பிள்ளைகளுக்குத் தகுதியான ஆசிரியர் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆயினும் இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய என் தோழியர், பகலில் பள்ளியையும் மாலையில் வீட்டையும் பார்த்துவிட்டு இரவில் வழிகாட்டி நூலைத் திறக்கும் நிலையை, பணி–வாழ்வுச் சமநிலை பேசுவோர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிதி விவகாரமும் பள்ளி வாசல் வரை வருகிறது. தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைந்த, மாதிரிப் பள்ளிகளுக்கான ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்தில் சேர ஒப்பந்தம் செய்யாததால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டுக்கு 2024–25இல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு அந்த ஆண்டில் விடுவிக்கவில்லை. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையையும் வெளியிட்டது. கொள்கை வேறுபாடு எதுவாயினும், பணம் தாமதமாகும்போது சுண்ணக்கட்டி, துடைப்பம், குழாய் பழுது ஆகியவற்றுக்கான செலவு தலைமையாசிரியரின் கைப்பையிலிருந்துதான் போகிறது. மாணவர் சேர்க்கையும் அப்படியே. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுவதால், கோடை விடுமுறையில் தெருத்தெருவாகச் சென்று பெற்றோரிடம் பேசுவது எழுதப்படாத கடமையாகிவிட்டது.

இதற்கு என்ன செய்யலாம்? பயிற்சிகளில் மூச்சுப் பயிற்சியும் நேர மேலாண்மையும் சொல்லித்தருகிறார்கள். அவற்றால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பவை குறையாமலும் தருபவை கூடாமலும் இருக்கும்போது, சமநிலையைத் தனிமனிதரின் திறமையாகக் காட்டுவது, தவறு அவருடையதே என்று அவரை நம்பவைத்துவிடும். செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது எழுத்தர் வேலையைப் பிரித்தெடுப்பது. ஐந்தாறு தொடக்கப் பள்ளிகளுக்குப் பொதுவாக, அருகருகே உள்ள பள்ளிகளை இணைக்கும் குறுவள மைய அளவில் ஓர் உதவியாளரை அமர்த்தினாலே பெரும்பகுதிச் சுமை இறங்கிவிடும். நடுநிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக்கென அமர்த்தப்பட்டவர்கள் இணையப் பதிவுகளையும் கவனிக்கத் தொடங்கிய பிறகு மூச்சுவிட முடிகிறது என்று அங்குள்ள நண்பர்கள் சொல்கிறார்கள்.

அடுத்தது, ஒரே விவரத்தை எமிஸிலும் தாளிலும் வாட்ஸ்அப்பிலும் மூன்று முறை கேட்பதை நிறுத்துவது. பணிநேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்கு ஒரு வரம்பும் வேண்டும். பிரான்ஸ் 2017 முதலும் ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டு முதலும் பணிநேரத்துக்குப் பிந்தைய தொடர்பைத் தவிர்க்கும் உரிமையைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன. நம் ஊரில் அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு குழுவில் எதையும் பதிவிடுவதில்லை என்று ஒரு வட்டாரக் கல்வி அலுவலர் முடிவெடுத்தால், அந்த வட்டாரத்திலுள்ள அத்தனை வீடுகளிலும் அன்றிரவே மாற்றம் தெரியும்.

பள்ளிக்குள் செய்யக்கூடியதும் உண்டு. அதற்குப் பகிர்ந்த தலைமை என்று பெயர். வேலையை மற்றவர் தலையில் கட்டுவது என்று இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. வேலையோடு முடிவெடுக்கும் உரிமையையும் கொடுத்தால்தான் அது பகிர்வு. நூலகத்தை உடன் ஆசிரியையின் பொறுப்பில் விட்டபோது, எந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்கலாம் என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும் என்று விட்டேன். புத்தகம் கிழிந்தால் நான் கேள்வி கேட்பதில்லை என்று உறுதி கூறினேன். அதன் பிறகே அலமாரியின் பூட்டு திறந்தது.

சட்டப்படி முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டிய பள்ளி மேலாண்மைக் குழுவும் இதில் உதவ முடியும். என் கடைசி மூன்று ஆண்டுகளில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். வகுப்பை விட்டு எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன காரணத்துக்காக வெளியே சென்றேன் என்பதை மட்டும் அதில் எழுதினேன். ஒரு மாதக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டியபோது, கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், “இத்தனை நாளும் நீங்க இல்லாமதான் எம்புள்ள படிச்சுச்சா டீச்சர்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து ஒரு தீர்மானம் உருவானது: அலுவலகக் கூட்டங்களைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு வைக்குமாறு குழுவின் சார்பில் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதினோம். பக்கத்து ஊர்களின் குழுக்கள் நான்கும் அதே தீர்மானத்தை நிறைவேற்றி அனுப்பின. மாவட்டக் கூட்டங்கள் மாறவில்லை. வட்டாரக் கூட்டம் மட்டும் அடுத்த மாதத்திலிருந்து மூன்றரை மணிக்கு மாறியது. நான்காம் வகுப்புக்கு வியாழக்கிழமைகளில் கணக்குப் பாடம் திரும்பக் கிடைத்தது.